எந்த மான்ஸ்டரை மேசையில் வைப்பது? வாசகர் கேள்வி – பதில்

கற்பனைச் சாகச ஆட்டங்களுக்கான மான்ஸ்டர் மினிகளை (மேசையில் நிறுத்தி ஆடும் சின்ன உருவங்களை) தேர்ந்தெடுப்பது பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம். கேட்டவர்களில் பெரும்பாலோர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பு ஆடுபவர்கள். அதனால் அளவுகளும் மான்ஸ்டர் பெயர்களும் அதன்படியே உள்ளன.

கேள்வி: முதல்முறையாக டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) ஆகப் போகிறேன். நான்கு பேர் ஆடுகிறார்கள், முதல் லெவலில் ஆரம்பம். கையில் ஒரு மினிகூட இல்லை. எதிலிருந்து தொடங்குவது?

டிராகனிலிருந்து தொடங்காதீர்கள். எல்லோரும் அதைத்தான் முதலில் வாங்குவார்கள். அது அலமாரியில் நிற்கும், மாதக்கணக்கில் மேசைக்கு வராது. முதல் ஐந்து லெவல்களில் ஓயாமல் உழைப்பவை மனித உருவங்களும் கூட்டமாக வரும் சின்னவைகளும்தான்.

தொடங்க இவ்வளவு போதும்: கோப்ளின் ஆறு (அதில் இரண்டு வில்லோடு), எலும்புக்கூடு ஆறு, கொள்ளைக்காரன் நான்கு, அவர்களுக்குத் தலைவனாக ஆள் தனியாகத் தெரியும்படி ஒன்று, முக்காடு போட்ட பூசாரி மாதிரி இரண்டு, ஓநாய் நான்கு, ராட்சதச் சிலந்தி இரண்டு, ஓகர் ஒன்று. மொத்தம் இருபத்தாறு. கொள்ளைக்காரன் மினி காவலனாகவும் கூலிப்படையாகவும் சாராயக்கடை ரவுடியாகவும் வேடம் கட்டும். முக்காடு போட்டவர் மந்திரவாதி, ரகசியக் கூட்டத்து ஆள், சமயத்தில் பேய். கொடுத்த காசுக்கு அதிகமாக உழைப்பவை இவைதான்.

ஏன் ஆறு? நான்கு பேர் ஆடும் சண்டையில் எதிரிகள் எட்டைத் தாண்டினால் டிஎம்முடைய முறை நீண்டுகொண்டே போகும், ஆட்டக்காரர்கள் போனை எடுத்துவிடுவார்கள். பத்துப் பன்னிரண்டு கோப்ளின் வேண்டும் என்று சாகசத்தில் எழுதியிருந்தால் ஆறு பேரை முதலில் இறக்குங்கள். செத்தவர்களையே எடுத்து இரண்டாவது அலையாகக் கதவு வழியே அனுப்புங்கள்.

டிராகன் வாங்கியே தீர வேண்டுமென்றால் இளம் டிராகன் வாங்குங்கள். 2014 விதிநூலின் அளவுப் பிரிவுகளில் குட்டி டிராகன் மீடியம் (மனித அளவு), இளம் டிராகன் லார்ஜ், வளர்ந்தது ஹ்யூஜ், முதியது கர்கான்டுவன். வளர்ந்த சிவப்பு டிராகனின் சேலஞ்ச் ரேட்டிங் (மான்ஸ்டரின் பலத்தைக் காட்டும் எண்) 17. அந்த இடத்துக்குப் போகும் முன்பே பல குழுக்கள் கலைந்துபோகும். இளம் டிராகனுக்கு இரண்டு அங்குல பேஸ் (மினி நிற்கும் அடித்தட்டு) போதும், எடுத்து வைக்கவும் எளிது.

கேள்வி: இணையப் படத்தில் அற்புதமாக இருக்கிற மினி, மேசையில் வைத்தால் என்னவென்றே தெரிவதில்லை. வாங்கும்போதே இதைக் கண்டுபிடிக்க வழி உண்டா?

உண்டு. படத்தைப் பெரிதாக்காதீர்கள், சிறிதாக்குங்கள். திரையில் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். அப்போதும் தலை எங்கே, கை எங்கே, ஆயுதம் எது என்று பிரித்துச் சொல்ல முடிந்தால் அது மேசைக்கு ஏற்ற மினி. விற்பனைப் படங்கள் முகத்துக்கு நேரே கேமராவை வைத்து, உள்ளதைவிடப் பல மடங்கு பெரிதாக எடுக்கப்படுபவை. ஆட்டத்தில் நாம் பார்ப்பதோ ஒரு கை தூரத்திலிருந்து, மேலே இருந்து கீழ் நோக்கி. அந்தக் கோணத்தில் தெரிவது தலையின் உச்சி, தோள், முதுகு, ஆயுதத்தின் விளிம்பு. பெல்ட்டில் தொங்கும் சின்னப் பைகளை ஒருவரும் பார்க்கப் போவதில்லை.

இதிலிருந்தே சில முடிவுகள் வருகின்றன. கையும் ஆயுதமும் உடம்போடு ஒட்டிக்கொண்டிருக்கும் நிலை வேண்டாம்; உடம்புக்கும் கைக்கும் நடுவே வெற்றிடம் தெரிய வேண்டும். நோல் (கழுதைப்புலித் தலை மனிதன்) என்றால் கூன் முதுகும் நீண்ட மூஞ்சியும் எடுப்பாக இருக்கட்டும், ஹாப்கோப்ளின் என்றால் நிமிர்ந்த போர்வீரத் தோரணை. இரண்டும் ஒரே மாதிரி குனிந்து கோடரி பிடித்திருந்தால் ஆட்டத்தின் நடுவில் "இது எது?" என்ற கேள்வி வந்துகொண்டே இருக்கும்.

ஆயுதம் போகும் திசையையும் பாருங்கள். ஈட்டியை முன்னால் நீட்டிப் பாயும் கோப்ளின் படத்துக்கு அழகு. மேசையில் அந்த ஈட்டி, வரைபடத்தின் பக்கத்துக் கட்டத்தில் நிற்கும் வீரரின் வயிற்றில் போய் இடிக்கும். கைகலப்பில் எல்லோரும் அடுத்தடுத்த கட்டங்களில்தான் நிற்பார்கள் என்பதை மறக்கக் கூடாது. ஈட்டியைச் செங்குத்தாகப் பிடித்திருப்பதே நல்லது. சிறகுக்கும் இதே கணக்கு: மேல்நோக்கி விரிந்த சிறகு தொந்தரவு தராது, பக்கவாட்டில் கிடையாக விரிந்தது சுற்றியுள்ள நான்கைந்து கட்டங்களை நிழலில் தள்ளிவிடும்.

ஒற்றைக் காலில் எம்பிக் குதிக்கும் நிலைகளை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. எடை முழுவதும் ஒரு கணுக்காலில் விழுகிறது. பிளாஸ்டிக்கானால் நாளடைவில் சாய்ந்துவிடும், பிசினானால் (ரெசின்) முறியும்.

கேள்வி: 28 மில்லிமீட்டர், 32 மில்லிமீட்டர் என்று போட்டிருக்கிறார்களே, இரண்டையும் கலக்கலாமா?

மான்ஸ்டர்களில் தாராளமாகக் கலக்கலாம். மனித உருவங்களில் கலந்தால் கண்ணில் உறுத்தும்.

இந்த எண்ணைக் கறாரான அளவாக எடுத்துக்கொள்ள முடியாது. ஒரு தயாரிப்பாளர் பாதத்திலிருந்து கண் வரை அளக்கிறார், இன்னொருவர் உச்சந்தலை வரை. அதனால் ஒருவருடைய 28-ம் மற்றவருடைய 32-ம் பக்கத்தில் வைத்தால் ஒரே உயரமாக இருக்கலாம். ஹீரோயிக் என்று குறிப்பிட்டிருந்தால் தலை, கை, ஆயுதம் எல்லாம் வேண்டுமென்றே தடித்திருக்கும். கட்டக் கணக்கு என்ன சொல்கிறது? ஓர் அங்குலம் ஐந்து அடி என்றால் விகிதம் 1:60. ஆறடி மனிதன் சுமார் 30 மில்லிமீட்டர். 28-ம் 32-ம் அதற்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நிற்பவை, அவ்வளவே.

உயரத்தைவிட பேஸ் முக்கியம். போர் ஆட்டங்களுக்காக வரும் மினிகளில் பல 32 மில்லிமீட்டர் பேஸில் இருக்கும். ஓர் அங்குலக் கட்டம் 25.4 மில்லிமீட்டர்தான். நான்கு பேர் வரிசையாக நின்றால் 128 மில்லிமீட்டர் வேண்டும், நான்கு கட்டத்தின் நீளமோ 101.6. ஒரு முழுக் கட்டமே உதைக்கிறது, குறுகிய வழிச் சண்டையில் இது பெரிய தலைவலி. மீடியம், ஸ்மால் மான்ஸ்டர் எல்லாவற்றையும் 25 மில்லிமீட்டர் வட்ட பேஸுக்கு மாற்றிவிடுங்கள்.

வரைபடத்தை அச்சிடுபவர்களுக்கு ஒரு வார்த்தை: பிரின்டரில் 'பக்கத்துக்குப் பொருத்து' என்பதை அணைத்து, நூறு சதவீதத்தில் அச்சிடுங்கள். இல்லாவிட்டால் கட்டம் ஓர் அங்குலத்துக்குக் கீழே சுருங்கிவிடும், சரியான பேஸும் பிதுங்கும். முதல் தாளை ஸ்கேலால் அளந்துவிட்டு மீதியை அச்சிடுங்கள்.

கேள்வி: லார்ஜ், ஹ்யூஜ் மான்ஸ்டர்களுக்கு எந்த பேஸ்? அறுகோணக் கட்டத்தில் ஆடுகிறோம்.

சதுரக் கட்டத்தில் லார்ஜ் 2×2, ஹ்யூஜ் 3×3, கர்கான்டுவன் 4×4 அல்லது அதற்கும் மேல். 50, 75, 100 மில்லிமீட்டர் வட்ட பேஸ்கள் இவற்றுக்குள் கச்சிதமாக உட்காரும். அறுகோணத்தில் லார்ஜ் மூன்று கட்டம், ஹ்யூஜ் ஏழு, கர்கான்டுவன் பன்னிரண்டோ அதற்கு மேலோ. ஹ்யூஜ் நடுக் கட்டத்தில் நின்று சுற்றியுள்ள ஆறையும் பிடித்துக்கொள்வதால் சிக்கலில்லை. லார்ஜ்தான் மூன்று கட்டங்கள் கூடும் முனையில் நிற்க வேண்டும். எந்த மூன்று என்பதை ஒவ்வொரு நகர்வுக்கும் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

40 மில்லிமீட்டர் பேஸில் வரும் ஓகரை அப்படியே விட்டால் அது லார்ஜா மீடியமா என்று பார்ப்பவர் குழம்புவார். 50 மில்லிமீட்டர் தட்டு ஒன்றை அடியில் ஒட்டி, விளிம்பை மணலால் மறைத்துவிடுங்கள்.

கேள்வி: பெயின்ட் அடித்தே வருவது, அடிக்காமல் வருவது, உலோகம், பிசின் – எது நல்லது?

உங்களுக்கு எவ்வளவு பொறுமை இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

பெயின்ட் அடித்து வருபவை பெரும்பாலும் மென்மையான பிவிசி பிளாஸ்டிக். கீழே போட்டாலும் உடையாது, பிரித்தவுடன் ஆடலாம். விஸ்கிட்ஸ் நிறுவனத்தின் 'ஐகான்ஸ் ஆஃப் த ரெல்ம்ஸ்' வரிசை போன்றவை மூடிய பெட்டியில் வரும், உள்ளே எது இருக்கும் என்று தெரியாது. ஒரே மாதிரி ஆறு கோப்ளின் வேண்டும் என்பவருக்கு அந்தப் பெட்டி சரிப்படாது. தனித்தனியாகப் பிரித்து விற்பவர்களிடம் பார்த்து வாங்குவதே மேல். அதே நிறுவனத்தின் 'நோல்சர்ஸ்' வரிசை பிரைமர் (வண்ணம் பிடிக்க உதவும் அடிப்பூச்சு) அடித்தே வருகிறது, நேரடியாக வண்ணம் தீட்டலாம்.

பிவிசியின் தீராத வியாதி வளைந்த வாள். கொதித்து இறக்கிய தண்ணீரில் அரை நிமிடம் முக்குங்கள். இடுக்கியால் எடுத்து, விரலால் நேராக்கி, அப்படியே பிடித்தபடி ஐஸ் தண்ணீரில் இறக்குங்கள். சூட்டில் நேராக்கிவிட்டுச் சும்மா காயவிட்டால் பழைய வளைவுக்கே திரும்பிவிடும். குளிர்ந்த தண்ணீர்தான் புது வடிவத்தைப் பிடித்து நிறுத்துகிறது. ஸ்ப்ரூவில் (பாகங்கள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டத்தில்) வரும் கடினமான பாலிஸ்டைரீன் மினிகளுக்கு இந்த வைத்தியம் வேண்டாம், நுணுக்கங்கள் நெளிந்துபோகும்.

பெயின்ட் அடிக்காத பிவிசியில் இன்னொரு தொல்லை உண்டு. சில ஸ்பிரே பிரைமர்கள் அதன்மேல் முழுதாகக் காயாமல் பிசுபிசுவென்றே இருந்துவிடும். பாத்திரம் கழுவும் சோப்பால் கழுவி, பிரஷால் பூசும் பிரைமரைப் பயன்படுத்துங்கள். ஸ்பிரேதான் வேண்டுமென்றால் முதலில் பேஸின் அடிப்பக்கத்தில் அடித்து ஒரு நாள் விட்டுப் பாருங்கள்.

உலோக மினிக்குக் கனம் உண்டு, நின்ற இடத்தில் நிற்கும். ஆனால் கீழே விழுந்தால் கூர்மையான இடங்களில் பெயின்ட் பெயர்ந்து வரும். பழைய உலோக மினிகளில் ஈயம் கலந்திருக்கலாம். அவற்றைத் தேய்த்துப் பொடியாக்காதீர்கள், குழந்தைகள் கையில் தராதீர்கள், தொட்டால் கை கழுவுங்கள்.

கேள்வி: பிளாஸ்டிக் சிமென்ட் போட்டு ஒட்டினேன், கை கழன்று விழுந்துகொண்டே இருக்கிறது.

உங்கள் மினி பாலிஸ்டைரீனாக இருக்காது. பிளாஸ்டிக் சிமென்ட் உண்மையில் பசையே அல்ல. பாலிஸ்டைரீனைக் கரைத்து இரண்டு துண்டையும் ஒன்றாக்கும் கரைப்பான். பிவிசி, பிசின், உலோகம் மூன்றிலும் அது வேலை செய்யாது. அங்கே சூப்பர் குளூ. அதிலும் ஒரு சொட்டு போதும், அதிகமாக ஊற்றினால் காய நேரமாகும், பிடிப்பும் குறையும். கனமான உலோகக் கை அல்லது டிராகன் சிறகு என்றால் இரு பக்கமும் 1 மில்லிமீட்டர் துளையிட்டு, அதே தடிப்பில் பித்தளைக் கம்பித் துண்டு ஒன்றைச் செருகி ஒட்டுங்கள். துளைகள் நேர்கோட்டில் அமைய, ஒரு பக்கத்தில் துளையிட்டு அதன் வாயில் ஒரு புள்ளி பெயின்ட் வைத்து மறுபக்கத்தில் அழுத்துங்கள். பெயின்ட் பதிந்த இடமே இரண்டாவது துளைக்கான இடம்.

கேள்வி: பிசின் 3டி பிரின்டரில் அச்சிட்ட டிராகன். பெயின்ட் அடித்துச் சில வாரங்களில் வயிற்றில் விரிசல், உள்ளிருந்து ஏதோ கசிகிறது.

உள்ளே காயாத திரவப் பிசின் தங்கிவிட்டது. பிசினை மிச்சம் பிடிக்கப் பெரிய உருவங்களின் உட்புறத்தை வெற்றிடமாக அச்சிடுவார்கள். வடிகால் துளை இல்லாமலோ, இருந்தும் உட்புறத்தைக் கழுவாமலோ மூடிவிட்டால் அந்தத் திரவம் உள்ளேயே இருந்து சுவரை அழுத்தி, மெலிந்த இடத்தில் பிளந்துகொண்டு வரும்.

கசிவதை வெறும் கையால் தொடாதீர்கள், தோலில் ஒவ்வாமை வரும். நைட்ரைல் கையுறை போட்டுக்கொண்டு, மினியின் அடிப்பக்கத்தில் 3 மில்லிமீட்டர் அளவில் இரண்டு துளைகள் போடுங்கள். ஒன்று மட்டும் போட்டால் காற்று உள்ளே போக வழியில்லாமல் திரவம் வெளியே வராது. வடிந்ததும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை உள்ளே ஊற்றிக் குலுக்கிக் கொட்டுங்கள், தெளிவாக வரும்வரை. நன்றாக உலர்ந்த பிறகு துளை வழியே சிறு புறஊதா எல்இடி விளக்கை நுழைத்து உட்புறத்தைக் கெட்டியாக்குங்கள். அதற்குப் பிறகுதான் விரிசலைப் புட்டியால் அடைக்க வேண்டும். வடிந்த பிசினையும் கழுவிய ஆல்கஹாலையும் சாக்கடையில் கொட்டாதீர்கள். திறந்த பாத்திரத்தில் வெயிலில் வைத்தால் பிசின் கெட்டியாகிவிடும், பிறகு அப்புறப்படுத்தலாம்.

இனி அச்சிடும்போது மீடியம் அளவு மினிகளை உள்ளே நிரப்பியே அச்சிடுங்கள். அவ்வளவு சின்னதில் மிச்சமாகும் பிசின் இந்தத் தொல்லைக்குப் பெறாது. 32 மில்லிமீட்டர் அச்சுக் கோப்பினை (ஃபைல்) 28-க்குக் கொண்டுவர 87.5 சதவீதமாகச் சுருக்குங்கள். ஈட்டித் தண்டு 1 மில்லிமீட்டருக்குக் கீழே போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், போனால் முதல் ஆட்டத்திலேயே முறிந்துவிடும். இரு மடங்காகப் பெருக்கினால் பிசின் இரு மடங்கல்ல, எட்டு மடங்கு.

இழை பிரின்டர் (பிளாஸ்டிக் இழையை உருக்கி அடுக்குவது) மட்டும் இருப்பவர்கள் மனம் தளர வேண்டாம். கோலெம் (உயிர்பெற்ற கல் உருவம்), மர மனிதன், மண் எலிமென்டல் (மண்ணாலான பூதம்) போன்றவற்றை அதில் அச்சிடுங்கள். அடுக்குக் கோடுகள் கல்லிலும் மரப்பட்டையிலும் கரைந்துபோகும். எலும்புக்கூட்டின் விலா எலும்புகளுக்கு மட்டும் அது ஆகாது.

கேள்வி: பத்து எலும்புக்கூடுகள் இருக்கின்றன. அடுத்த வாரம் ஆட்டம். பிரஷ் பிடித்துப் பழக்கமில்லை.

பழக எலும்புக்கூட்டைவிட நல்ல மினி கிடையாது. பத்தையும் ஒரே நேரத்தில், ஒரு வண்ணத்தைப் பத்துக்கும் முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். சோப்பால் கழுவி உலர்த்தி, எலும்பு நிறப் பிரைமரை 20–30 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்துச் சிறு சிறு வீச்சாக அடியுங்கள். காற்றில் ஈரம் மிகுந்த நாளில் ஸ்பிரே வேண்டாம், மேற்பரப்பு மாவு தூவியதுபோல் சொரசொரத்துவிடும். அடுத்து உடம்பு முழுவதும் பழுப்பு வாஷ் (நீர்த்த வண்ணம்). அது விலா இடுக்கிலும் கண்குழியிலும் தானாக இறங்கி நிழல் போடும். பாதத்தில் குளம்போல் தேங்குவதை ஈரப் பிரஷால் உறிஞ்சி எடுங்கள்.

இப்போது கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும், இடுக்கில் ஈரம் இருக்கும். அவசரப்பட்டு மேலே தேய்த்தால் எல்லாம் சேறாகிவிடும், புதியவர்கள் வழுக்குவது இங்கேதான். ஓர் இரவு விட்டுவிடுங்கள். மறுநாள் டிரைபிரஷ்: வெளிர் எலும்பு நிறத்தைத் தொட்டு, டிஷ்யூவில் துடைத்துத் துடைத்து, பிரஷில் ஒன்றுமே இல்லை என்று தோன்றும்போது மினியின்மேல் லேசாக வருடுங்கள். மேடான இடங்கள் மட்டும் பளிச்சிடும். வாளுக்கு உலோக நிறம், கைப்பிடிக்குப் பழுப்பு, போதும்.

பேஸின் விளிம்பில் ஐந்துக்கு ஒரு நிறம், மீதி ஐந்துக்கு வேறு நிறம் பூசுங்கள்; விளிம்பில் 1 முதல் 5 வரை எண் எழுதுங்கள். "சிவப்பு மூன்றுக்கு ஏழு டேமேஜ்" என்று சொல்லும் வசதிக்கு ஈடு இல்லை. இதை அழகுக்குக் கேடு என்று முகம் சுளிப்பவர்கள் ஆட்டம் நடத்திப் பார்த்ததில்லை. கடைசியில் மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ். நாள்தோறும் கைபடும் மினிக்கு முதலில் ஒரு பூச்சு பளபளப்பான கிளாஸ் வார்னிஷ், அது காய்ந்தபின் மேட் அடித்தால் பெயின்ட் நீண்ட நாள் உழைக்கும்.

கேள்வி: 'பிஹோல்டர்' என்று தேடினால் ஒரே நிறுவனத்தின் மினிதான் வருகிறது. மற்றவர்கள் செய்வதில்லையா?

செய்கிறார்கள், அந்தப் பெயரில் விற்பதில்லை. பிஹோல்டர், மைண்ட் ஃப்ளேயர், டிஸ்ப்ளேசர் பீஸ்ட், அம்பர் ஹல்க் போன்றவற்றை டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் உரிமையாளர்கள் தங்கள் தனிச்சொத்து என்று நெடுங்காலமாகப் பட்டியலிட்டு வந்தார்கள். எனவே பெயரை விட்டுவிட்டு உருவத்தைச் சொல்லித் தேடுங்கள்: மிதக்கும் கண் கோளம், ஆக்டோபஸ் தலை மந்திரவாதி, டென்டக்கிள் கைகள் முளைத்த சிறுத்தை. ஆர்க், டிரோல், ஓகர், கோப்ளின் போன்றவற்றுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

கேள்வி: சரியான மினி இல்லாவிட்டால் பொம்மையை வைக்கலாமா? நண்பர்கள் சிரிக்கிறார்கள்.

தாராளமாக வையுங்கள். இந்த ஆட்டத்தின் முதல் பதிப்பு 1974-இல் வந்தது. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ், பையில் அடைத்து விற்ற மலிவான ஹாங்காங் பிளாஸ்டிக் பொம்மைகளை மேசையில் மான்ஸ்டராக வைத்தார். ரஸ்ட் மான்ஸ்டர், புலெட், ஆவுல்பேர் என்ற மூன்று மான்ஸ்டர்களும் அந்தப் பொம்மைகளைப் பார்த்துப் பிறந்தவை. சிரிக்கும் நண்பர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

மாற்று மினி வைக்கும்போது பேஸ் அளவு மட்டும் பிசகக் கூடாது. ஓநாய்க்குப் பதில் நாய் பொம்மை வைத்தால் ஆட்டம் கெடாது. லார்ஜ் டிரோலுக்கு மீடியம் மினி வைத்தால் யார் பக்கத்தில் நிற்கிறார், யாருக்கு அடி எட்டும் என்ற கணக்கே தப்பும். ஜெலட்டினஸ் கியூபுக்கு (ஆட்களை விழுங்கும் ஜெல்லிக் கனசதுரம்) இரண்டு அங்குலக் கண்ணாடிப் பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து வையுங்கள், விழுங்கப்பட்ட வீரரின் மினி உள்ளேயே நிற்கும். இதற்கு எந்த விலையுயர்ந்த மினியும் ஈடாகாது. ஒரே ஒரு சண்டைக்கு வரும் அபூர்வ மான்ஸ்டருக்கு அட்டையில் அச்சிட்ட நிற்கும் படம் போதும்.

கேள்வி: பறக்கும் மான்ஸ்டரின் உயரத்தை எப்படிக் காட்டுவது?

மினியின் பக்கத்தில் ஒரு பகடை. முகத்தில் 4 என்றால் நான்கு கட்டம், அதாவது இருபது அடி உயரம். உயரமான அக்ரிலிக் தண்டுகள் பார்க்க அழகு, ஆனால் கனமான உருவம் மேலே இருந்தால் கை பட்டதும் சாயும். தண்டு வேண்டுமென்றால் பேஸின் அடியில் ஒரு கனமான வாஷரை ஒட்டுங்கள்.

கேள்வி: மினிகளை எடுத்துச் செல்லும்போது பெயின்ட் உரிகிறது.

பேஸின் அடியில் 5×1 மில்லிமீட்டர் நியோடிமியம் காந்தம் ஒன்றை ஒட்டி, இரும்புத் தகடு விரித்த டப்பாவில் நிற்க வையுங்கள். ஒன்றோடொன்று உரசாது. தகடு வாங்கும் முன் காந்தத்தை வைத்துப் பாருங்கள், எவர்சில்வரில் சில ரகங்களில் காந்தம் ஒட்டாது. உலோக மினிக்கு ஒன்று போதாது, இரண்டு மூன்று வேண்டும். இந்தக் காந்தங்களைச் சிறு குழந்தைகள் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து, அதனால் சூப்பர் குளூ போட்டு ஒட்டியபின் இழுத்துப் பார்த்துவிட்டே டப்பாவில் வையுங்கள்.